தேர்வு அணியில் யார் ஆடலாம்?

ராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், கிளப் பயிற்சியாளர்களுக்கும், ஆடும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு திறந்த மடல்

தேர்வு அணி என்பது பல பள்ளிகளின் சிறந்த ஆட்டக்காரர்களைப் பொறுக்கியெடுத்து ஒரே சட்டையில் களமிறக்கும் அணி. தமிழ்நாட்டுப் பள்ளி விளையாட்டில் அதற்கான ஏணி குறுவட்டத்தில் தொடங்குகிறது; மைதானத்தில் இன்றும் அதற்கு ‘ஜோனல்’ என்றுதான் பெயர். அதற்கு மேலே வருவாய் மாவட்டம், அதற்கும் மேலே மாநிலம். குடியரசு தின விளையாட்டுகள், பாரதியார் தின விளையாட்டுகள் என்ற பெயர்களில் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் போட்டிகள் இந்தப் படிகளில்தான் ஏறுகின்றன. உச்சியில் இருப்பவை, 1954இல் தொடங்கப்பட்ட இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு (எஸ்.ஜி.எஃப்.ஐ.) நடத்தும் தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகள். கீழ்ப்படிகளில் பள்ளியின் பெயரில் ஆடியவர் அங்கே தமிழ்நாட்டின் பெயரில் ஆடுகிறார். 1960 முதல் நடந்துவரும் சுப்ரதோ கோப்பைக் கால்பந்தில் ஒரு பள்ளியின் அணியே டெல்லி வரை போகலாம். எஸ்.ஜி.எஃப்.ஐ. போட்டிக்கு மாநில அணியில் இடம்பிடித்தவர் மட்டும் போகிறார். அவரோடு ஜோனலில் பந்தை உதைத்த மற்றப் பத்துப் பேரும் ஊரிலேயே நின்றுவிடுகிறார்கள்.

இந்த ஏணியில் ஏற ஏறத் தகுதிச் சோதனை கடுமையாகிறது. ஜோனலில் பெரும்பாலும் தலைமையாசிரியரின் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் போதும். மாவட்டத்தில் பிறப்புச் சான்று கேட்கப்படும். மாநிலத் தேர்வில் எல்லாச் சான்றுகளும் ஒன்றோடொன்று ஒப்பிடப்படும். தேசிய அளவில் மருத்துவப் பரிசோதனை வரை போகலாம். கீழே யாரும் கேட்காத கேள்வி மேலே கேட்கப்படுவதால், இரண்டு படிகளில் வென்று வந்த பிள்ளை மூன்றாவது படியில் ‘ஓவர் ஏஜ்’ என்றோ ‘சர்டிபிகேட் பொருந்தவில்லை’ என்றோ திருப்பி அனுப்பப்படுகிறது. அதற்குள் ஜோனலில் அந்தப் பிள்ளையிடம் தோற்றவர்களின் வாய்ப்பும் சேர்ந்தே போயிருக்கும். சோதனையின் கடுமையைக் கீழ்ப்படியிலேயே வைத்தால் இழப்பு குறையும். இருந்தும் அட்டவணை நெருக்கும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அதற்கு எந்தப் பள்ளியும் நேரம் ஒதுக்குவதில்லை.

விதிகளில் முதலாவது வயது. முக்கியப் பிரிவுகள் மூன்று: 14 வயதுக்குட்பட்டோர், 17 வயதுக்குட்பட்டோர், 19 வயதுக்குட்பட்டோர். கணக்கெடுக்கும் நாள் டிசம்பர் 31. 2024–25 கல்வியாண்டில் 14 வயதுப் பிரிவுக்கு 1.1.2011 அன்றோ அதன் பிறகோ பிறந்திருக்க வேண்டும். 17 வயதுப் பிரிவுக்கு 1.1.2008, 19 வயதுப் பிரிவுக்கு 1.1.2006. ஒவ்வொரு ஆண்டும் இந்தத் தேதிகள் ஓராண்டு முன்னே நகரும். விதி எளியது. சிக்கல் வருவது, கல்வியாண்டு ஜூனிலும் வயதாண்டு ஜனவரியிலும் தொடங்குவதால்தான். 2010 ஆகஸ்டில் பிறந்த மாணவியும் 2011 மார்ச்சில் பிறந்த மாணவியும் ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் இருக்கலாம். 2024–25இல் இரண்டாமவர் 14 வயதுப் பிரிவில் தன் வயதொத்தவர்களோடு ஓடுவார். முதலாமவரோ 17 வயதுப் பிரிவில் பதினோராம் வகுப்பு அக்காக்களோடு ஓட வேண்டும். எட்டாம் வகுப்பில் மாவட்ட அளவில் தங்கம் வாங்கிய பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் முதற்சுற்றிலேயே வெளியேறுவதற்குப் பல வீடுகளில் சொல்லப்படும் காரணம் ‘ஆர்வம் போய்விட்டது’ என்பது. உண்மையான காரணம் பல நேரங்களில் இந்தத் தேதிக் கோடுதான். பயிற்சியாளர் அந்த ஆண்டை இடைக்கால ஆண்டாகக் கருதித் திட்டமிட்டால், பத்தாம் வகுப்பில் அந்தப் பிள்ளை மீண்டு வரும்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்தவருக்கும் அந்தப் பக்கம் பிறந்தவருக்கும் உள்ள வேறுபாடு உலகம் அறிந்ததே. 1980களில் கனடாவின் ஐஸ் ஹாக்கி இளையோர் அணிகளைப் பார்த்த ஆய்வாளர்கள், ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அவற்றில் மிகுதியாக இருப்பதைக் கண்டார்கள். பிறகு கால்பந்து, கூடைப்பந்து என்று பல ஆட்டங்களிலும் பல நாடுகளிலும் அதே சாய்வு தெரியவந்தது. ஜனவரியில் பிறந்தவருக்கு டிசம்பரில் பிறந்தவரைவிட ஏறத்தாழ ஓராண்டு வளர்ச்சி கூடுதல். பதின்மூன்று வயதில் அந்த ஓராண்டு தோளிலும் தொடையிலும் தெரியும். தேர்வாளர் அதைத் திறமை என்று எடுத்துக்கொள்கிறார். விதியை மாற்றி இந்தச் சாய்வை நீக்க முடியாது. தேதியை எங்கே வைத்தாலும் அதன் ஓரத்தில் யாராவது இருப்பார்கள். ஆனால் தேர்வுக் களத்தில் நிற்கும் ஆசிரியர், பெயர்ப் பட்டியலில் பிறந்த மாதத்தையும் ஒரு பார்வை பார்க்கலாம்.

மேல் வரம்பிலும் இதே போன்றதொரு ஓரம் உண்டு. 2005 டிசம்பரில் பிறந்து, இடையில் ஓரிரு ஆண்டு படிப்பு தடைபட்டு, 2024–25இல் பிளஸ் டூ படிக்கும் மாணவர் பள்ளிச் சீருடையில்தான் இருக்கிறார். ஆனால் டிசம்பர் 31க்குள் அவருக்கு 19 நிறைந்துவிடுவதால் பள்ளிப் போட்டியில் இடமில்லை. குடும்ப வருமானத்துக்காக ஓராண்டு மீன்பிடித் துறைமுகத்திலோ பட்டறையிலோ வேலை பார்த்துவிட்டுப் பள்ளிக்குத் திரும்பும் பையன்கள் இந்தப் பகுதியில் அரிதல்லர். இலங்கையில் அகில இலங்கைப் பாடசாலை விளையாட்டு விழாவில் 20 வயதுக்குட்பட்டோர் பிரிவும் உண்டு. அங்கு உயர்தரப் பரீட்சை வரை படிப்போரின் வயதுக்கு ஏற்ப அந்த வரம்பு நீள்கிறது.

இரண்டாவது விதி, ஆடுபவர் அங்கீகரிக்கப்பட்ட பள்ளியின் முறையான மாணவராக இருக்க வேண்டும் என்பது. பள்ளி வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும்; தனித்தேர்வராகப் பரீட்சை எழுதுபவருக்கு இடமில்லை. வடசென்னையின் தொழிற்பேட்டைச் சூழலில் இந்த விதி நிறையப் பேரை வெளியே நிறுத்துகிறது. எண்ணூரில் அசோக் லேலண்டு, திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப்., ராயல் என்ஃபீல்டு, மணலியில் சுத்திகரிப்பு ஆலை, காமராசர் துறைமுகம், அனல்மின் நிலையம் என்று ஆலைகளைப் பார்த்தே வளரும் பிள்ளைகளில் பலர் பத்தாம் வகுப்பு முடிந்ததும் ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ சேர்கிறார்கள். ஃபிட்டர், வெல்டர், டர்னர் படித்தால் கையில் வேலை என்பது குடும்பங்களின் கணக்கு. தவறென்று சொல்ல முடியாத கணக்கு. ஆனால் சேர்ந்த அன்றே பதினாறு வயதுப் பையன் பள்ளி விளையாட்டிலிருந்து வெளியேறுகிறான். அவனோடு பத்தாம் வகுப்பு படித்து பிளஸ் ஒன் சேர்ந்த நண்பன் இன்னும் இரண்டு ஆண்டு வரை 19 வயதுப் பிரிவில் ஆடலாம். வயது, உடல், ஆட்டம் எல்லாம் ஒன்றே. சேர்க்கைப் படிவம் மட்டும் வேறு. பள்ளி விளையாட்டு விதிகளில் மிகக் குறைவாகப் பேசப்படும் அநீதி இதுவே.

அப்படி வெளியேறியவருக்கு எல்லாக் கதவுகளும் மூடிவிடுவதில்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பள்ளிப் பிரிவுக்கு வயது 12 முதல் 19. பொதுப் பிரிவுக்கு 15 முதல் 35. பள்ளியைவிட்டு ஐ.டி.ஐ.க்குப் போன பதினாறு வயதுக்காரர் பொதுப் பிரிவில் ஆடலாம், முப்பது வயது ஆட்டக்காரர்களுக்கு எதிரே நின்று. விளையாட்டுச் சங்கங்கள் நடத்தும் ஜூனியர் போட்டிகளில் பள்ளி என்ற கேள்வியே பொதுவாக எழுவதில்லை. பிறந்த ஆண்டும் மாவட்டச் சங்கப் பதிவும் போதும். பத்தாம் வகுப்பு முடிவு வரும் மே மாதத்திலேயே இந்த மாற்று வழிகளை வீட்டில் சொல்லிவிடுவது உடற்கல்வி ஆசிரியர் செய்யக்கூடிய எளிய வேலை.

மூன்றாவது விதி மாவட்டம். பள்ளி விளையாட்டில் ஒருவர் எந்த மாவட்டத்துக்கு ஆடுவார் என்பதை அவர் வீடு தீர்மானிப்பதில்லை, பள்ளியே தீர்மானிக்கிறது. பள்ளி எந்த வருவாய் மாவட்டக் கல்வி நிர்வாகத்தின் பட்டியலில் இருக்கிறதோ, அந்த மாவட்டம்தான் மாணவரின் மாவட்டம். ராயபுரத்தில் இது கேள்வியே இல்லை. திருவொற்றியூர், கத்திவாக்கம், எண்ணூர், மணலி பக்கம்தான் குழப்பம். இப்பகுதிகள் முன்பு திருவள்ளூர் மாவட்டத்தில் தனி நகராட்சிகளின் கீழ் இருந்தவை. 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. வருவாய் நிர்வாகத்தில் திருவொற்றியூர் வட்டம் சென்னை மாவட்டத்துக்கு வந்தது 2018இல்தான். மாநகராட்சி எல்லை ஒரு காலத்திலும், வருவாய் எல்லை இன்னொரு காலத்திலும் நகர்ந்தன. கல்வி நிர்வாகத்தின் எல்லை இவற்றோடு கூடவே நகரும் என்று கட்டாயமில்லை. வீட்டு முகவரியில் ‘சென்னை’ என்று இருப்பதை நம்பித் தேர்வுக்குப் போய் நிற்பதைவிட, முதன்மைக் கல்வி அலுவலகத்தில் அந்த ஆண்டுப் பட்டியலைப் பார்ப்பது நல்லது. ஆணையத்தின் விளையாட்டு விடுதியில் சேரும் மாணவருக்கும் இதே விதிதான்: ஏழு, எட்டு, ஒன்பது, பதினொன்று ஆகிய வகுப்புகளில் சேர்க்கை நடக்கிறது, விடுதி வேறு ஊரிலென்றால் படிப்பதும் அந்த ஊர்ப் பள்ளியில், அதன்பின் ஆடுவதும் அந்த மாவட்டத்துக்கே. எண்ணூர்க்காரர் வேறு மாவட்டத்தின் சட்டையில் வந்து எதிரணியில் நிற்பது இப்படித்தான்.

பாடத்திட்டம் மாறினாலும் அணி மாறும். கேந்திரிய வித்யாலயா, நவோதயா, சி.பி.எஸ்.இ. ஆகியவை எஸ்.ஜி.எஃப்.ஐ. போட்டிகளில் மாநிலங்களைப் போலவே தனி அலகுகளாகப் பங்கேற்கின்றன. ஒரே ஆண்டில் இரண்டு அலகுகளுக்காக ஆட முடியாது.

இத்தனை விதிகளும் கடைசியில் வந்து நிற்பது சில தாள்களின் மேல்: பிறப்புச் சான்று, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் உள்ள மாணவர் விவரம், ஆதார், படிப்புச் சான்று எனப்படும் போனஃபைட், இடையில் பள்ளி மாறியிருந்தால் டி.சி. எனப்படும் மாற்றுச் சான்று. இவற்றில் பெயரின் எழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாக இல்லாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஏமாற்று வேலை கிடையாது. தமிழ்நாட்டில் முதல் வகுப்பில் சேர ஜூலை 31க்குள் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். ஆகஸ்டிலோ அக்டோபரிலோ பிறந்த பிள்ளையை இன்னோர் ஆண்டு வீட்டில் வைத்திருக்க முடியாத தாய்மார்கள், பள்ளியில் மே, ஜூன் என்று ஒரு தேதியைச் சொல்லிச் சேர்த்தார்கள். பள்ளியும் கண்டுகொள்ளாமல் எழுதிக்கொண்டது. மீன்பிடிக் குப்பங்களிலும் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் முந்தைய தலைமுறையில் மே, ஜூன் பிறந்த நாள்கள் இத்தனை இருப்பதன் ரகசியம் இதுதான். இதன் விளைவு விளையாட்டில் நேர் எதிராக வந்து விழுகிறது: ஏட்டில் பிள்ளைக்குச் சில மாதங்கள் வயது கூடியிருக்கும். அந்த மாதங்கள் பெரும்பாலும் ஒரே நாட்காட்டி ஆண்டுக்குள் அடங்கிவிடுவதால் பிரிவு மாறாது. ஆனால் பிறப்புச் சான்றிலுள்ள தேதியோடு ஒப்பிடும்போது இரண்டும் வேறு. வேறாக இருந்தாலே தேர்வுக் குழு சந்தேகப்படும்.

பிறப்புச் சான்றுக்கும் தனிச் சட்டம் உண்டு. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இன்படி, பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். 30 நாட்கள் வரை தாமதக் கட்டணத்தோடும், ஓராண்டு வரை உரிய அதிகாரியின் எழுத்து அனுமதியோடும் பதியலாம். ஓராண்டுக்குப் பின் நடுவரின் உத்தரவு வேண்டும். குழந்தையின் பெயரில்லாமல் பதிவான பிறப்பில் பெயரைப் பின்னர் சேர்க்கலாம். அதற்கு 15 ஆண்டுகள் அவகாசம். பெயரே இல்லாத, ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் உள்ள சான்றோடு தேர்வுக்கு வரும் பத்தாம் வகுப்பு மாணவர் அந்த அவகாசத்தின் கடைசி நாட்களில் நிற்கிறார் என்று பொருள். 2023இல் வந்த திருத்தம், அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பிறப்பவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை உள்ளிட்ட பல தேவைகளில் பிறப்புச் சான்று ஒன்றையே பிறந்த தேதிக்கான ஆதாரமாக்கியது. அந்தக் குழந்தைகள் பள்ளி அணிகளுக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை பழைய தாள்களின் பொருந்தாமை தொடரும். ஆதார் அட்டையிலுள்ள தேதியை மட்டும் காட்டுவது போதாது. 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆதார் பிறந்த தேதிக்கான சான்று அன்று என்றும், பள்ளிச் சான்றிலுள்ள தேதியை ஏற்கலாம் என்றும் சொன்னது.

தேதியைத் திருத்தக் காலமும் இடமும் உண்டு. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அச்சாகும் முன் பள்ளிப் பதிவில் திருத்துவது விண்ணப்பமும் அலைச்சலும் மட்டுமே. அச்சான பின் அது வழக்கறிஞர் வரை போகும் வேலை. ஆறாம் வகுப்பில் பள்ளி அணிக்கு ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும் அதே வாரத்தில் பிறப்புச் சான்றின் நகலை வாங்கி எமிஸ் பதிவோடு ஒப்பிடும் உடற்கல்வி ஆசிரியர், மூன்று ஆண்டு பயிற்சியை ஒரு மதிய வேளையில் காப்பாற்றுகிறார். இந்த வேலை யாருடையது என்பதில்தான் தகராறு. வகுப்பாசிரியர் அலுவலகத்தைக் காட்டுவார், அலுவலகம் பெற்றோரைக் காட்டும், பெற்றோர் பி.டி. மாஸ்டரையே நம்பியிருப்பார்கள்.

வயதை வேண்டுமென்றே குறைத்துக் காட்டுபவர்களும் உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை. இந்திய விளையாட்டில் இது பழைய நோய் என்பதால்தான் 2010இல் மத்திய விளையாட்டு அமைச்சகம் வயது மோசடிக்கு எதிரான தேசிய நெறிமுறையை வெளியிட்டது. 2025இல் அதைக் கடுமையாக்கும் புதிய வரைவையும் கொண்டுவந்தது. மருத்துவச் சோதனைகளில் அதிகம் பேசப்படுவது டி.டபிள்யூ.3 எனப்படும் எலும்பு வயதுச் சோதனை. இடது கை, மணிக்கட்டு எக்ஸ்ரேயில் பதின்மூன்று எலும்புகளின் வளர்ச்சி நிலைக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். இந்தியக் கிரிக்கெட் வாரியமும் இளையோர் பிரிவில் இதைப் பயன்படுத்துகிறது. உலகக் கால்பந்துச் சம்மேளனம் 2009 முதல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் மணிக்கட்டு எம்.ஆர்.ஐ.யை நம்புகிறது, ஆரை எலும்பின் கீழ்நுனி முழுதாக இணைந்துவிட்டதா என்பதை மட்டும் அது பார்க்கும்.

எலும்பு வயது பிறந்த தேதியைச் சொல்லாது, வளர்ச்சி எங்கே நிற்கிறது என்பதையே சொல்லும். ஒரே நாளில் பிறந்த இரு ஆரோக்கியமான பிள்ளைகளின் எலும்பு வயது ஓராண்டுக்கு மேல் வேறுபடலாம். சீக்கிரம் பருவமடைந்த பிள்ளைக்கு அது கூடுதலாகக் காட்டும். ஊட்டச்சத்துக் குறைவோடு வளர்ந்த பிள்ளைக்குக் குறைவாகக் காட்டும். சான்றுகளெல்லாம் பொருந்தி, எலும்பு மட்டும் முரண்பட்டால், அந்தப் பிள்ளையை மோசடிக்காரர் என்று மைதானத்தில் அறிவிப்பது மருத்துவத்துக்கும் ஒவ்வாது, நியாயத்துக்கும் ஒவ்வாது. மறுபரிசோதனைக்கும் மேல்முறையீட்டுக்கும் இடமிருக்க வேண்டும்; 2010 நெறிமுறையே அதற்கு வழி வைத்திருக்கிறது. தண்டனையைப் பொறுத்தவரை ஒரு குறை இன்னும் தீரவில்லை. தேதியை மாற்றிய பெரியவர் பெரும்பாலும் தப்பிவிட, தடை விழுவது அந்த முடிவெடுத்தபோது பத்து வயதுகூட நிறையாத பிள்ளையின் தலையில்.

இருந்தாலும் வயதுச் சோதனையே வேண்டாம் என்று வாதிட இந்தப் பகுதிக்கு வாய்ப்பில்லை. சார்பட்டா, இடியாப்பப் பரம்பரைகள் எனும் குத்துச்சண்டை மரபுகளின் பெயர் இன்றும் புழங்கும் மண் இது. இங்கே பையன்களும் இப்போது பெண்களும் கையுறை மாட்டும் குத்துச்சண்டையில் வயதுப் பொய் உடம்பில் விழும் அடியாக மாறும். எடைப் பிரிவு ஒன்றே போதும் என்று சில பயிற்சியாளர்கள் சொல்வதுண்டு. பதின்மூன்று வயது 46 கிலோவும் பதினேழு வயது 46 கிலோவும் ஒரே எடைதான்; ஆனால் எலும்பின் உறுதியும் குத்தின் வேகமும் வேறு. சர்வதேசக் குத்துச்சண்டை பிறந்த ஆண்டை வைத்து இளையோரைத் தனிப் பிரிவுகளாகப் பிரிப்பது இதனால்தான்.

எல்லா ஆட்டத்துக்கும் இந்த அச்சம் பொருந்தாது. கேரம் பலகை முன் உட்கார்ந்தால் வயது ஒரு பொருட்டேயில்லை. புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காஜிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் பெரியவர்களோடு ஆடி மூன்று தங்கம் வென்றபோது அவருக்கு வயது 17. அதே வயதில் பள்ளிப் போட்டியில் ஆடும் கேரம்காரர் 19 வயதுப் பிரிவுக்குள் நின்றாக வேண்டும். வலிமை வேறுபாட்டுக்காக எழுதிய வயதுக் கோடு, வலிமை தேவைப்படாத ஆட்டத்துக்கும் அப்படியே நகலாகியிருக்கிறது. அதனால் பெரிய கேடு எதுவும் இல்லை; விதி எதற்காக வந்தது என்பதை மறந்து எழுதப்படுவதற்கு ஓர் எடுத்துக்காட்டு, அவ்வளவே.

ஒரே பிள்ளை ஒரே ஆண்டில் பல வாசல்களில் நிற்கும்போது வயதுக் கணக்கும் மாறும். கேலோ இந்தியா 2018இல் பள்ளி விளையாட்டுகளாக 17 வயது வரம்போடு தொடங்கியது. பிறகு இளையோர் விளையாட்டுகளாகி, இப்போது 18 வயதுக்குட்பட்டோருக்கு நடக்கிறது. 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை நகரங்களில் நடந்த அந்தப் போட்டிகளில் தமிழ்நாடு 38 தங்கத்தோடு 98 பதக்கம் பெற்று முதன்முறையாக இரண்டாமிடம் பிடித்தது. பள்ளிப் போட்டிக்கு 19, கேலோ இந்தியாவுக்கு 18, சங்கப் போட்டிகளுக்கு ஆட்டத்துக்கு ஆட்டம் வேறு. பிளஸ் டூ மாணவர் ஒன்றில் தகுதி இழந்த பின்னும் இன்னொன்றில் ஓராண்டு மிச்சம் வைத்திருப்பது சாதாரணம். ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்த வாசல் எந்த டிசம்பரில் மூடும் என்று ஒரே தாளில் எழுதி வைத்திருக்கும் கிளப்புகள் சில உண்டு. மற்றவை அறிவிப்பு வந்த பிறகே கணக்குப் போடுகின்றன.

தேர்வு அணியில் யார் ஆடலாம் என்ற கேள்விக்கு அமெரிக்காவில் வேறு கோணத்தில் பதில் சொல்கிறார்கள். அங்கே பள்ளி விளையாட்டை மாநிலவாரிச் சங்கங்கள் நடத்துகின்றன. சிறந்த ஆட்டக்காரர்களைத் திரட்டும் ‘ஆல்-ஸ்டார்’ ஆட்டங்களைப் பெரும்பாலும் வெளியார் ஏற்பாடு செய்கிறார்கள். 1978 முதல் நடக்கும் மெக்டொனால்ட்ஸ் ஆல்-அமெரிக்கன் கூடைப்பந்து ஆட்டம் அவற்றுள் பேர்பெற்றது. பள்ளி இறுதியாண்டுக்காரர்களுக்கு மட்டுமே அதில் இடம். பல மாநிலங்களில் விதி இப்படிப் போகிறது: பள்ளியில் தன் ஆட்டப் பருவத்தை முழுதாக முடித்தவர் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் ஆடலாம், இன்னும் பள்ளிப் பருவம் மிச்சமிருப்பவர் ஆடினால், மிச்சமுள்ள பள்ளித் தகுதியை இழப்பார். பணமும் விளம்பரமும் பள்ளிப் பிள்ளைகளைப் பருவத்தின் நடுவில் இழுத்துச் சென்றுவிடக் கூடாது என்பது அந்த விதியின் பின்னுள்ள கவலை. அங்கே தேர்வு அணி பள்ளி வாழ்க்கைக்கு வைக்கும் முற்றுப்புள்ளி. இங்கே அது வேலைக்கும் கல்லூரிக்கும் போகும் வழி. வடசென்னையில் கோடை விடுமுறையில் பரிசுப் பணத்தோடு நடக்கும் கிளப் டோர்னமென்ட்டுகளில் பள்ளி மாணவர்கள் ஆடுவதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. காயம்பட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வியாவது அமெரிக்க விதியிலிருந்து எடுத்துக்கொள்ளத் தகுந்தது.

தேர்வு அணியின் இடம் இத்தனை மதிப்புப் பெற்றதற்குக் காரணம் அதன்பின் கிடைக்கும் ஒரு தாள். மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளுக்குச் சான்றுகள் படிவ எண்ணோடு கேட்கப்படுகின்றன. சர்வதேசப் போட்டிக்கு ஒன்றாம் படிவம், தேசியப் போட்டிக்கு இரண்டாம் படிவம், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு மூன்றாம் படிவம். மாநிலப் பள்ளி அணிக்காகத் தேசியப் பள்ளி விளையாட்டில் ஆடியவருக்கு நான்காம் படிவம். மாநிலக் கல்வித் துறையின் இயக்குநர் நிலை அதிகாரி கையெழுத்திடுவது. மைதானத்தில் ‘ஃபார்ம் ஃபோர்’ என்று சொல்லப்படுவது இதுவே. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடும், பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்களும் இருக்கின்றன. மாவட்ட அளவில் பத்துப் பதக்கம் வாங்கியவர் வீட்டுச் சுவரை நிறைக்கலாம். நான்காம் படிவம் ஒன்று வைத்திருப்பவர் ரயில்வேயிலோ துறைமுகத்திலோ விண்ணப்பம் போடலாம். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையின் அணிகளைப் பார்த்து வளர்ந்த வடசென்னைக்கு இந்தக் கணக்கு விளக்கத் தேவையில்லாதது.

விதிகள் அனைத்தும் ஆடுபவரையே கட்டுப்படுத்துகின்றன. அணியை அனுப்ப வேண்டியவர்களை அதே அளவு கட்டுப்படுத்தும் விதி எதுவும் ஏணியில் எழுதப்படவில்லை. 2023 ஜூன் மாதம் டெல்லி, போபால், குவாலியர் நகரங்களில் 2022–23ஆம் ஆண்டுக்கான தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகள் 19 வயதுக்குட்பட்டோருக்கு நடந்தன. தமிழ்நாட்டு மாணவர்கள் அனுப்பப்படவில்லை. அழைப்புக் கடிதம் மேலிடத்தின் கவனத்துக்கு உரிய நேரத்தில் போகவில்லை என்று விளக்கம் தரப்பட்டது. பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் வருத்தம் தெரிவித்தார். அதிகாரிகள்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. வயது, பள்ளி, மாவட்டம், சான்று என்று எதிலும் குறையில்லாத மாணவர்கள் அந்த ஆண்டு ஆடவில்லை. அவர்களில் பதினொன்றாம் வகுப்புக்காரர்களுக்கு, டிசம்பர் 31 இடம் கொடுத்தால், இன்னோர் ஆண்டு இருந்தது. பிளஸ் டூ முடித்திருந்தவர்கள் அடுத்த போட்டி அறிவிக்கப்பட்டபோது பள்ளி மாணவர்களாகவே இல்லை. அவர்களுக்கு நான்காம் படிவம் பெற வேறு வழி விதியில் கிடையாது.